அலை வளையும் நாளைக் கண்டறிவது எப்படி: பலூன் பதிவிலிருந்து பண்பலை, ரேடார் வரை முழுமையான வழிகாட்டி

காற்றின் கீழடுக்கில் வெப்பமும் ஈரமும் வழக்கத்துக்கு மாறாக அமையும் நாள்களில், வானொலி அலையும் ரேடார் அலையும் தொடுவானத்தோடு நின்றுவிடாமல், பூமியின் வளைவை ஒட்டியே வளைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்றுவிடுகின்றன. அத்தகைய நாளைத் தரவிலிருந்து கணித்து, அதன்பின் பண்பலை வானொலியிலும் வானிலை ரேடார் படத்திலும் சரிபார்க்கும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். எடுத்துக்காட்டுகள் சென்னை, காரைக்கால் கடற்கரையைச் சேர்ந்தவை.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வானொலியிலிருந்தே தொடங்குகிறார்கள். தொலைதூர நிலையம் ஒன்று கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு காரணத்தைத் தேடுகிறார்கள். அந்த வரிசை தவறு. வளிமண்டலத்தில் ஏதோ ஒரு சிறு மாறுபாடு எல்லா நாளும் இருக்கும் என்பதால், கேட்ட பிறகு தேடினால் காரணம் எப்போதும் கிடைத்துவிடும். முதலில் கணக்கு, அடுத்துக் கேட்பு என்ற வரிசையில் சென்றால்தான் கணக்கு பொய்த்த நாளும் நமக்குத் தெரியும். கற்றல் அங்கேதான் நடக்கிறது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு விரிதாள், அதிர்வெண்ணை எண்ணில் காட்டும் பண்பலை வானொலி, ஒரு குறிப்பேடு ஆகிய மூன்றும் போதும். ஊசியை நகர்த்தும் பழைய வகை வானொலி இந்த வேலைக்குப் பயன்படாது; 0.1 மெகாஹெர்ட்ஸ் தவறினாலும் நிலையத்தின் அடையாளம் மாறிவிடும்.

மேல்காற்றுத் தரவு, வானிலை பலூன் பதிவாகக் கிடைக்கிறது. சென்னை மீனம்பாக்கத்தின் நிலைய எண் 43279, காரைக்காலின் எண் 43346. அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் இந்த எண்ணைத் தந்தால், அழுத்தம், உயரம், வெப்பநிலை, பனிப்புள்ளி (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) முதலியவை வரிசை வரிசையாக வரும். ரேடார் படங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் பார்க்கலாம்.

கப்பல்களின் தானியங்கி அடையாளச் செய்திகளைப் பெறும் கருவி உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அது பெரும் உதவி. ஒவ்வொரு கப்பலும் தன் இருப்பிடத்தையே ஒலிபரப்புவதால், தூரத்தை ஊகிக்க வேண்டிய தேவை இல்லை.

## 2. வழக்கமான நாளின் எல்லையை முதலில் வரையுங்கள்

எது வழக்கம் என்று தெரியாதவருக்கு எது வழக்கத்துக்கு மாறானது என்பதும் தெரியாது. பலரும் தாண்டிச் சென்றுவிடும் படி இதுவே.

இயல்பான வளிமண்டலத்திலும் அலை சற்றுக் கீழ்நோக்கி வளைகிறது. அந்த வளைவைச் சேர்த்துக்கொள்ள, பூமியின் ஆரத்தை மூன்றில் நான்கு மடங்காக, அதாவது சுமார் 8,495 கி.மீ. என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதிலிருந்து வரும் எளிய வாய்பாடு இது:

தொடுவானத் தூரம் (கி.மீ.) = 4.12 × (அனுப்பும் ஆண்டெனா உயரத்தின் வர்க்கமூலம் + பெறும் ஆண்டெனா உயரத்தின் வர்க்கமூலம்)

உயரங்களை மீட்டரில் இட வேண்டும். 150 மீட்டர் கோபுரமும் 10 மீட்டர் உயர மொட்டைமாடியும் என்றால், விடை சுமார் 63 கி.மீ. கப்பலின் ஆண்டெனா 25 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதே மொட்டைமாடிக்குச் சுமார் 34 கி.மீ.

இந்தக் கணக்கைப் போடாததால் வரும் தவறு ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன். கோடியக்கரையில் நின்று யாழ்ப்பாணப் பக்கத்து வானொலியைக் கேட்டவர், அலை வளைந்து வந்தது என்று எழுதி வைத்துவிடுகிறார். கோடியக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 65 கி.மீ.தான். உயரமான கோபுரம் என்றால் அது தொடுவானத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. நடுவில் கடல் தவிர வேறு தடையும் இல்லை. அங்கே அசாதாரணம் என்று சொல்ல ஏதும் இல்லை. அதே நிலையம் ஏறத்தாழ 380 கி.மீ. வடக்கே சென்னையில் தெளிவாகக் கேட்டால், அதுவே நாம் தேடும் நிகழ்வு.

எனவே குறைந்தது இரண்டு வாரம், காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும், 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நகர்த்திப் பார்த்து, நிலையம் எதுவும் இல்லாத இடங்களைப் பட்டியலிடுங்கள். பண்பலைப் பெட்டி ஒரே அதிர்வெண்ணில் வரும் இரு அலைகளில் வலுவானதை மட்டுமே ஒலிக்கச் செய்யும். ஆகவே உள்ளூர் நிலையம் இருக்கும் இடத்தில் தொலைதூர நிலையம் தலைகாட்டாது. உங்கள் வலை இந்தக் காலி இடங்களில்தான் விரிய வேண்டும்.

## 3. பலூன் பதிவை எடுக்கும்போது நேரத்தையும் அடுக்கையும் கவனியுங்கள்

பதிவு நாளுக்கு இருமுறை, உலகப் பொது நேரம் 0 மணிக்கும் 12 மணிக்கும் உரியதாக வரும். இந்திய நேரப்படி இவை காலை 5.30, மாலை 5.30. பன்னிரண்டு என்பதை நண்பகல் என்று படித்து, பல நாள் கணக்கை வீணாக்கியவர்கள் உண்டு. நண்பகலில் தரை சூடேறிக் காற்று கலங்கிவிடும், மாலை 5.30-க்குக் கடற்காற்று உள்ளே வந்து அடுக்கு அமைந்திருக்கும். இரண்டும் முற்றிலும் வெவ்வேறு நிலைகள்.

அடுத்து, 1000, 925, 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் என்ற நிலையான மட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1000-க்கும் 925-க்கும் இடையே 700 மீட்டர் அளவு இடைவெளி இருக்கிறது. நாம் தேடும், அலையை வளைக்கும் அடுக்கு சில நேரங்களில் 100, 200 மீட்டர் தடிப்பே இருக்கும். அது அந்த இடைவெளிக்குள் முழுதாக மறைந்துவிடும். முதல் 3,000 மீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுங்கள்.

உயரம் கடல்மட்டத்திலிருந்து தரப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். மீனம்பாக்கத்தில் தரையே 16 மீட்டரில் தொடங்குகிறது.

## 4. விலகுதிறனைக் கணக்கிடுதல்

காற்றின் ஒளிவிலகல் எண் ஒன்றைவிட மிகச் சிறிதளவே கூடுதல். அந்தக் கூடுதலைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் வரும் எண்ணை விலகுதிறன் என்று வைத்துக்கொள்வோம். கீழடுக்கில் அது பெரும்பாலும் 250 முதல் 400 வரை இருக்கும்.

முதலில் பனிப்புள்ளியிலிருந்து ஆவியழுத்தம், அதாவது காற்றிலுள்ள நீராவி மட்டும் தரும் அழுத்தம்:

ஆவியழுத்தம் = 6.112 × எக்ஸ்ப் (17.67 × பனிப்புள்ளி ÷ (பனிப்புள்ளி + 243.5))

எக்ஸ்ப் என்பது விரிதாளில் உள்ள அடுக்குக்குறிச் சார்பு. பனிப்புள்ளியைச் செல்சியஸில் இட வேண்டும். அடுத்து விலகுதிறன்:

விலகுதிறன் = (77.6 ÷ வெப்பநிலை) × (அழுத்தம் + 4810 × ஆவியழுத்தம் ÷ வெப்பநிலை)

இங்கே வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும். அழுத்தங்கள் இரண்டும் ஹெக்டோபாஸ்கலில். புதியவர்களின் பிழைகளில் பாதி இந்த இரண்டு வரிகளில் நேர்கின்றன: முதல் வரியில் பனிப்புள்ளிக்குப் பதில் காற்றின் வெப்பநிலையை இட்டுவிடுகிறார்கள், அல்லது இரண்டாம் வரியில் 273.15-ஐக் கூட்ட மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது பிழை எண்ணைத் தாறுமாறாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். முதலாவது அமைதியாக, நம்பத்தக்க தோற்றத்தில் தவறான விடையைத் தரும்; அதுவே ஆபத்தானது.

பழகுவதற்காக நான் அமைத்த மூன்று மட்டங்களை இங்கே தருகிறேன். உங்கள் விரிதாள் இதே விடையைத் தருகிறதா என்று பாருங்கள்.

தரை: உயரம் 16 மீட்டர், அழுத்தம் 1006, வெப்பநிலை 29, பனிப்புள்ளி 25. ஆவியழுத்தம் 31.7, விலகுதிறன் 388.

இரண்டாம் மட்டம்: 216 மீட்டர், 984, வெப்பநிலை 31, பனிப்புள்ளி 17. ஆவியழுத்தம் 19.4, விலகுதிறன் 329.

மூன்றாம் மட்டம்: 500 மீட்டர், 953, வெப்பநிலை 29.5, பனிப்புள்ளி 15. ஆவியழுத்தம் 17.0, விலகுதிறன் 314.

தரையிலிருந்து 216 மீட்டருக்கு ஏறும்போது வெப்பம் குறைவதற்குப் பதில் 2 பாகை கூடியிருக்கிறது. ஆனால் விலகுதிறன் 59 குறைந்ததில் பெரும்பங்கு வெப்பத்தினுடையது அன்று. பனிப்புள்ளி 25-லிருந்து 17-க்கு விழுந்ததன் விளைவு அது. வெப்பநிலைத் தலைகீழ் மாற்றத்தை மட்டும் தேடி அலைவதைவிட, ஈரம் திடீரென அறுபடும் உயரத்தைத் தேடுவது நம் வெப்பக் கடற்கரையில் பலன் தரும். கோடையிலும் தென்மேற்குப் பருவக்காலத்திலும், மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வரும் வறண்ட சூடான காற்றின் அடியில், பிற்பகலில் ஈரமான கடற்காற்று மெல்லிய அடுக்காக நுழைகிறது. அந்த இரண்டும் உரசிக்கொள்ளும் எல்லையில் இத்தகைய அறுபடல் அமைகிறது.

## 5. சரிவைப் பார்த்து வகைப்படுத்துதல்

அலையை வளைப்பது விலகுதிறனின் அளவு அன்று, உயரத்தோடு அது குறையும் வேகம். இரு மட்டங்களின் விலகுதிறன் வேறுபாட்டை, உயர வேறுபாட்டால் (கி.மீ.) வகுத்தால் சரிவு கிடைக்கும்.

இயல்பான வளிமண்டலத்தில் சரிவு கி.மீ.க்கு −39 அளவில் இருக்கும். சுழியத்தைவிடக் கூடினால் அலை மேல்நோக்கி வளைந்து, எல்லை சுருங்கும். −79-ஐவிடக் கீழே சென்றால் மிகை விலகல். அப்போது பூமியின் பயன்படு ஆரம் இரு மடங்காகிறது. −157-ஐத் தாண்டிக் கீழே சென்றால், அலையின் வளைவு பூமியின் வளைவை மிஞ்சிவிடுகிறது. மேலே கிளம்பிய அலை மீண்டும் தரைக்கே திரும்புகிறது; இந்த நிலையையே சிறை என்கிறேன். இந்த 157 எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு விடை எளிது: பத்து லட்சத்தைப் பூமியின் ஆரமான 6,371-ஆல் வகுத்துப் பாருங்கள்.

நம் எடுத்துக்காட்டில் முதல் இரு மட்டங்களுக்கிடையே சரிவு −293. அதற்கு மேலே −54 மட்டுமே. கீழே வலுவான சிறை, மேலே ஏறக்குறைய இயல்பு நிலை.

இதே நாளை நிலையான மட்டங்களால் மட்டும் கணக்கிட்டால் என்ன ஆகும்? 925 ஹெக்டோபாஸ்கல் 770 மீட்டரில் அமைந்து, அங்கே விலகுதிறன் 300 என்று வைத்தால், தரையிலிருந்து அதுவரையிலான சராசரிச் சரிவு சுமார் −117. மிகை விலகல் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். சிறை கண்ணில் படவே படாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. தரை அளவு நிழற்கூண்டிலுள்ள கருவியிலிருந்தும், அடுத்த அளவு பலூனிலிருந்தும் வருவதால், முதல் சில பத்து மீட்டரில் மட்டும் தெரியும் பெருஞ்சரிவு இரு கருவிகளின் வேறுபாடாகவும் இருக்கலாம். மொத்தச் சரிவும் முதல் 50 மீட்டருக்குள்ளேயே முடிந்துவிட்டால், அதைச் சந்தேகத்துக்குரியது என்றே குறித்து வையுங்கள்.

## 6. அலைக்குழாயின் அடியையும் முடியையும் காணுதல்

வானொலிக்காரர்கள் டக்ட் என்று அழைக்கும் அலைக்குழாயின் எல்லையைக் கண்டறிய, பூமியின் வளைவைக் கணக்கில் சேர்த்த திருத்திய விலகுதிறன் வேண்டும்:

திருத்திய விலகுதிறன் = விலகுதிறன் + 0.157 × உயரம் (மீட்டர்)

நம் மூன்று மட்டங்களுக்கும் இது முறையே 390, 363, 392. இந்த எண் உயரத்தோடு கூடிக்கொண்டே போவதே இயல்பு. எங்கே குறைகிறதோ அங்கே அலை சிறைப்படுகிறது; குறைந்து குறைந்து மிகத் தாழ்ந்த இடமே குழாயின் முடி.

அடியைக் காண, திருத்திய விலகுதிறனைக் கிடையிலும் உயரத்தைச் செங்குத்திலும் இட்டு வளைவரை வரைந்து, அந்தத் தாழ்ந்த எண்ணிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இறக்குங்கள். கோடு தரையைத் தொடும் வரை வளைவரையில் இடிக்காவிட்டால், குழாய் தரையிலிருந்தே தொடங்குகிறது. இடையில் இடித்தால், இடித்த உயரமே அடி. அது உயரே மிதக்கும் குழாய். நம் எடுத்துக்காட்டில் தரையில் 390, முடியில் 363 என்பதால் கோடு எங்கும் இடிக்கவில்லை. குழாய் தரையோடு ஒட்டியது, தடிப்பு 200 மீட்டர்.

இந்த வேறுபாடு பயனற்ற நுணுக்கம் அன்று. 1,500 மீட்டரில் மிதக்கும் குழாய் மொட்டைமாடியில் நிற்பவருக்குப் பெரும்பாலும் எட்டாது. அதைக் கணக்கில் கண்டு இரவெல்லாம் காத்திருந்து ஏமாந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, அடி எங்கே என்பதைத்தான்.

## 7. உங்கள் அலைநீளம் குழாய்க்குள் அடங்குமா?

குழாய் இருப்பதாலேயே எல்லா அலையும் அதில் சிக்கிவிடாது. அலைநீளம் பெரிதாக இருந்தால், தடிப்புக் குறைந்த குழாயிலிருந்து அது கசிந்துவிடும். தரைக்குழாய்க்கான தோராய விதி இது:

குறைந்தபட்ச அதிர்வெண் (மெகாஹெர்ட்ஸ்) = 3,60,000 ÷ (தடிப்பு × தடிப்பின் வர்க்கமூலம்)

200 மீட்டர் தடிப்புக்கு விடை சுமார் 127 மெகாஹெர்ட்ஸ். கப்பல் அடையாளச் செய்திகள் செல்லும் 162 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இடம் உண்டு. 10 செ.மீ. அலைநீளத்தில் இயங்கும் சென்னை வானிலை ரேடாருக்குத் தாராளமான இடம் உண்டு. ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலைக்கு இது சற்றுக் குறைவு. அதற்குச் சுமார் 235 மீட்டர் வேண்டும். எல்லை கத்தி வெட்டியது போல் இருக்காது என்பதால், பண்பலை வலுக்குறைந்து வரக்கூடும்.

கடல் மேற்பரப்பில் ஆவியாதலால் மட்டும் உருவாகும் குழாய் பெரும்பாலும் 10, 20 மீட்டர் தடிப்பே கொண்டது. 9,400 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கப்பல் ரேடாருக்கு அது போதும், பண்பலைக்கு ஒன்றுமே இல்லை. ஒரே மாலையில் மீன்பிடித் துறைமுகத்தின் ரேடாரில் தொலைவு நீண்டும், வானொலியில் எந்த மாற்றமும் இல்லாமலும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

## 8. வானொலியில் சரிபார்த்தல்

கணக்கு முடிந்து, எதிர்பார்ப்பைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே பெட்டியைத் திறங்கள். காலி இடங்களை மட்டும் நகர்த்திப் பாருங்கள்.

மொழியை வைத்து முடிவு கட்டாதீர்கள். தமிழ் இரு கரையிலும் ஒலிக்கிறது. இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் நேர அறிவிப்பும் உதவாது. மணி முடியும் வேளையில் சொல்லப்படும் நிலையப் பெயருக்காகக் காத்திருங்கள். உள்ளூர் விளம்பரம் வந்தால் அதிலுள்ள ஊர்ப்பெயர் இன்னும் உறுதியான சான்று.

வந்த அலை குழாய் வழியாகத்தான் வந்ததா என்பதை நடத்தையால் பிரியுங்கள். குழாய் வழி வரும் ஒலி மெல்ல ஏறி, மணிக்கணக்கில் நின்று, மெல்லத் தேயும். அயனிமண்டலத்தின் இடையிட்டு எழும் ஈ அடுக்கில் பட்டு வருவது திடீரெனக் காதைப் பிளக்கும் வலுவோடு வந்து, அதேபோல் சட்டென அறுந்துவிடும். அதன் தூரமும் பெரும்பாலும் 1,000 கி.மீ.க்கு மேல்தான். அந்த நிகழ்வுக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பே இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால், இரண்டைப் பற்றியும் எதுவும் அறிய முடியாது.

கப்பல் செய்தி பெறுபவர்கள், 2-ஆம் படியில் கண்ட 34 கி.மீ. எல்லையோடு ஒப்பிடுங்கள். 50 கி.மீ. என்பது உயரமான கப்பலாக இருக்கலாம், 200 கி.மீ. என்றால் ஐயமில்லை. கடல்சார் 16-ஆம் சேனலான 156.8 மெகாஹெர்ட்ஸில் யாரையும் அழைத்துச் சோதனை செய்யக் கூடாது. அது ஆபத்து அழைப்புக்கு உரியது, குழாய் திறந்திருக்கும் நாளில் உங்கள் குரல் நீங்கள் நினைக்காத கரைக்கும் சென்று இடையூறு செய்யும்.

## 9. ரேடார் படத்தில் சரிபார்த்தல்

ரேடாரின் மென்பொருள், கதிர் இயல்பாக வளைகிறது என்று எண்ணியே படத்தை வரைகிறது. 0.5 பாகை உயர்த்திய கதிர் 100 கி.மீ. தொலைவில் சுமார் 1.5 கி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் அமைந்த நாளில் கதிரின் கீழ்ப்பகுதி தரையையோ கடலையோ தொட்டுத் திரும்புகிறது. மென்பொருள் அதை 1.5 கி.மீ. உயரத்து மழையாகக் காட்டிவிடுகிறது.

சிறைப்படும் கோணம் மிகச் சிறிது. நம் எடுத்துக்காட்டில் திருத்திய விலகுதிறன் 27 குறைந்ததற்கு அது ஏறத்தாழ 0.4 பாகை. ஆகவே கதிரை ஒன்றிரண்டு பாகை உயர்த்திய படத்தில் பொய்யான எதிரொலி மறைந்துவிடும். உண்மையான இடிமேகம் அங்கேயும் நிற்கும். முதல் சோதனை இதுவே.

இரண்டாவது, திசைவேகப் படம். தரையில் பட்டு வந்த எதிரொலிக்குத் திசைவேகம் சுழியம். ஆனால் கடலுக்கு இது பொருந்தாது. அலைகள் அசைவதால் அங்கே சிறு திசைவேகம் தெரியும், தரை எதிரொலியை நீக்கும் வடிகட்டியும் அதை விட்டுவிடும். சென்னைக்குக் கிழக்கே இரவில் தோன்றும் மழைப் பட்டையைப் பார்க்கும்போது இதை மறவாதீர்கள். செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் அங்கே மேகமே இல்லையென்றால், பட்டை பெரும்பாலும் கடலின் எதிரொலிதான்.

மூன்றாவது, இரண்டாம் சுற்று எதிரொலி. நொடிக்கு 600 துடிப்பு அனுப்பும் ரேடார் 250 கி.மீ. வரைதான் குழப்பமின்றி அளக்கும். 400 கி.மீ.யில் பட்டுத் திரும்பும் அலை, அடுத்த துடிப்புக்கு உரியதாக எண்ணப்பட்டு 150 கி.மீ.யில் காட்டப்படும். ரேடாரை நோக்கி நீண்ட மெல்லிய கீற்றாக அது தெரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பம்பாயில் இருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ரேடார், அரபிக்கடலுக்கு அப்பால் 1,500 கி.மீ.க்கும் கூடுதலான தொலைவிலிருந்த அரேபியக் கரையைக் கண்டது. குழாய் வழியாக எதிரொலி எவ்வளவு தூரத்திலிருந்து வரக்கூடும் என்பதற்கு அந்த ஒரு நிகழ்வே போதும்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரமும் எச்சரிக்கைக்கு உரியது. இடிமேகத்திலிருந்து இறங்கிய குளிர்ந்த ஈரக்காற்று தரையில் பரவித் தானே ஒரு குழாயை அமைத்துவிடும். மேகம் கடந்த பாதையிலேயே பொய் எதிரொலி எழுவதால், மழை இன்னும் நீடிப்பதாகத் தோன்றும்.

## 10. குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

தேதி, பலூன் பதிவின் நேரம், குழாயின் அடி, முடி, தடிப்பு, குறைந்தபட்ச அதிர்வெண், உங்கள் எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் கேட்கும் முன் எழுதுங்கள். கேட்ட பின் அதிர்வெண், நிலையப் பெயர், தூரம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள்.

எதுவும் கேட்காத நாளையும் அதே அக்கறையோடு பதியுங்கள். மீனம்பாக்கத்தின் பலூன் ஓரிடத்தில் ஒரு நேரத்தில் இருந்த காற்றையே அளக்கிறது. அலையோ முந்நூறு கிலோமீட்டர் கடலைக் கடக்கிறது. சென்னைப் பதிவில் குழாய் இருந்து காரைக்கால் பதிவில் இல்லாத நாளில் தெற்கிலிருந்து எதுவும் வராமல் போவது பிழையன்று. இரு நிலையங்களின் தடிப்பையும் ஒரே வரியில் அடுத்தடுத்து எழுதி வையுங்கள். இரண்டும் 200 மீட்டரைத் தாண்டிய மாலைகளில் மட்டும் இரவு முழுவதும் பெட்டியருகே அமருங்கள்.